அரைமணி ஓடியபின் நின்றுவிடும் பழைய கார்: கரண்ட் எங்கே விட்டுப்போகிறது?

நாலுசக்கரம்:
25 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். நான்கு மாதமாக ஒரே தொல்லை. காலையில் எடுத்தால் முதல் அரைமணி நேரம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய் நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. இருபது நிமிடம் ஓரமாக நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். ஒரு வாரம் தினமும் வரும், அடுத்த பத்து நாள் எட்டிக்கூடப் பார்க்காது.

பேட்டரி புதிது. ஃபியூவல் பம்ப் இரண்டு முறை மாற்றியாயிற்று. ஃபில்டர், பிளக், பிளக் வயர் எல்லாம் மாற்றியாயிற்று. ஸ்கேனரில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. பட்டறையில் மூன்று நாள் விட்டேன், அங்கே ஒருமுறைகூட நிற்கவில்லை. நேற்று மேம்பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வரும்போது நின்றது. ஸ்டீயரிங் கனத்துவிட்டது, நாலைந்து முறை மிதித்ததும் பிரேக் கல்லாக இறுகிவிட்டது. பின் சீட்டில் குழந்தை. இதைக் கண்டுபிடிக்கும்வரை குடும்பத்தை அந்த வண்டியில் ஏற்றுவதாக இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பட்டறைக்கை:
சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம், இஞ்சின் சுற்றுவதை அதன் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். நான் பார்த்த இந்த வகைப் பழுதுகளில் பாதி அதுதான். மாற்றிப் பாருங்கள்.

களிம்பு:
மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி, நண்பரே. நிற்கும் அந்த நொடியில் ஆர்.பி.எம். முள் என்ன செய்கிறது? கிளட்சை மிதிக்காமல் கியரிலேயே உருளும்போது சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது. கிராங்க் சென்சார் செத்திருந்தால், இஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலான வண்டிகளில் முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழும். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் அந்த சிக்னல் உயிரோடு இருக்கிறது. பெட்ரோல் பக்கம் தேட வேண்டும்.

இன்னொன்று. நின்றபின் சாவியை அணைத்து மறுபடி ஆன் செய்யும்போது, செல்ஃப் அடிக்காமல், பின்பக்கம் காது கொடுங்கள். பம்ப் ஏறக்குறைய இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று முனகி நிற்க வேண்டும். நல்லபடியாக ஓடும்போது ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பழுதின்போது ஒப்பிடலாம்.

தயவுசெய்து இப்போதைக்கு எந்த கனெக்டரையும் கழற்றி மாட்டாதீர்கள். ஃபியூஸைக்கூட உருவிப் பார்க்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நாலுசக்கரம்:
முள்ளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மேம்பாலத்தில் நான் கியரில்தான் இருந்தேன். முள் விழவில்லை, வண்டியோடு சேர்ந்து மெதுவாக இறங்கியது. பம்ப் சத்தம் கவனித்ததில்லை.

புதுச்சாவி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பழைய வண்டியில் மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி காலியாகிறது. இதுவும் இதே மாதிரிப் பழுதா?

ரேடியோபெட்டி:
அது வேறு, தனிப் பதிவு போடுங்கள். சுருக்கமாகச் சொன்னால்: கதவைப் பூட்டி அரைமணி நேரம் விட்டபின் வண்டி இழுக்கும் கரண்ட் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவாதீர்கள். உருவி மாட்டும்போது தூங்கிப்போன ஒரு எலக்ட்ரானிக் பெட்டி விழித்துக்கொள்ளும், ஒட்டிக்கொண்டிருந்த ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) விடுபட்டுப் பழுதே மறைந்தும் போகலாம். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். எதில் அளவு காட்டுகிறதோ அந்தச் சுற்றில் கரண்ட் போகிறது. எதையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

நாலுசக்கரம்:
ஆறு நாள் கழித்து இன்று மாலை நின்றது. சாவியைப் போட்டுக் காது கொடுத்தேன். பம்ப் முனகவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து முனகியது, வண்டியும் கிளம்பியது.

ஆனால் ஒரு குழப்பம். இரண்டாவது பம்ப் மாற்றுவதற்கு முன்பு இதே நிலைமையில் பின் சீட்டைத் தூக்கி, பம்ப் கனெக்டரைக் கழற்றி, வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கரண்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை, அப்படியானால் பம்ப்தானே போயிருக்க வேண்டும் என்று மாற்றினேன். புது பம்பிலும் அதே கதை.

ரேடியோபெட்டி:
உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் தடை 10 மெகா ஓம். அதாவது அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியர் சுமார்தான். நடுவில் எங்கோ ஒரு இணைப்பு கருகி 500 ஓம் தடையாக மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இழுக்கும் துளிக் கரண்ட்டுக்கு அந்த 500 ஓம் ஒரு பொருட்டே இல்லை, முழு வோல்டேஜையும் காட்டிவிடும். பம்ப் 5 ஆம்பியர் கேட்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் மீட்டருக்கு முழு வயர்தான்.

கனெக்டரைக் கழற்றாமல், பம்ப் மாட்டியிருக்கும்போதே வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். இல்லையென்றால் பம்புக்குப் பதிலாக ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைச் சுமையாக மாட்டி, பல்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல இணைப்பு என்றால் பிரகாசமாக எரியும், கெட்டது என்றால் சிவந்து மங்கும் அல்லது எரியவே எரியாது. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பொறி பறக்கும் வேலை மட்டும் வேண்டாம். கனெக்டரை மாட்டுவதும் கழற்றுவதும் சாவி அணைந்திருக்கும்போதுதான்.

பட்டறைக்கை:
இதை ஒப்புக்கொள்கிறேன். முள் தகவல் தெரிந்திருந்தால் கிராங்க் சென்சாரைச் சொல்லியிருக்க மாட்டேன். எர்த் பக்கமும், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியிலும், இதே கதைதான். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப் சேர்ந்து விட்டுவிட்டு மங்குகிறது என்று வருவார்கள். விளக்கில் பிழை இருக்காது. எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கும், கரண்ட் வேறு பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பும். ஓம் அளந்தால் சரியாகவே காட்டும். விளக்கெல்லாம் எரியும்போது எர்த் போல்ட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வோல்ட் அளந்தால்தான் தெரியும். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த போல்ட்டைக் கழற்றித் தேய்ப்பேன். நாலுசக்கரம், பம்பின் எர்த்தையும் விட்டுவிடாதீர்கள்.

களிம்பு:
சரி, இனி வேலையைப் பார்ப்போம். வருவதும் போவதுமாக இருக்கும் பழுதை நீங்கள் துரத்தினால் அது ஓடும். அது வரும் இடத்தில் ஆள் வைத்துக் காத்திருக்க வேண்டும். நம் ஆள், பல்பு.

மூன்று விளக்கு தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றின் வயரிலும் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். நசுங்கி ஷார்ட் ஆனால் வண்டி எரியக் கூடாது. முதல் விளக்கு, பம்ப் ஃபியூஸ் தாண்டி ரிலேவுக்குப் போகும் வயரிலிருந்து. இரண்டாவது, ரிலேவிலிருந்து பம்புக்குப் போகும் வயரிலிருந்து. இவை இரண்டும் 5 வாட் சின்ன பல்பு. மறுமுனை இரண்டுக்கும் சேஸிஸ் எர்த். மூன்றாவது, ரிலேவை இயக்கும் கம்பிச் சுருளான காயிலின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே. இதற்கு பல்பு வேண்டாம், இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்குக் கூடுதல் சுமை ஆகிவிடும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்.இ.டி. போதும். காயில் அணையும்போது எதிர்த்திசையில் உதைக்கும் வோல்டேஜ் எல்.இ.டி.யைக் கொல்லாமல் இருக்க கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு சாதாரண டயோடையும் தொடராகச் சேருங்கள். ரிலேவின் அடியில் எண்கள் இருக்கும்: 30 உள்ளே வரும் கரண்ட், 87 வெளியே போவது, 85, 86 காயில். உங்கள் வண்டியின் ரிலே வேறு மாதிரி இருந்தால் அதன் வயரிங் படத்தைப் பார்த்தபின் தொடுங்கள்.

வயர்களை டேஷ்போர்டு மேல் கொண்டுவந்து ஒட்டுங்கள். விளக்கை ஓட்டுபவர் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். வாகனம் குறைந்த சாலையில் போங்கள்.

நிற்கும்போது மூன்றும் எரிந்தால் பம்ப் அல்லது அதன் எர்த் அல்லது பின்னால் போகும் வயர். முதல் விளக்கே அணைந்தால் ஃபியூஸிலும் அதற்கு முன்னாலும் தேட வேண்டும், இக்னிஷன் சுவிட்ச் உட்பட. எல்.இ.டி. அணைந்தால் ஈ.சி.யு. ரிலேவை விட்டுவிட்டது என்று அர்த்தம், அல்லது காயிலுக்கு வரும் சப்ளை போயிருக்கிறது. முதலும் எல்.இ.டி.யும் எரிந்து இரண்டாவது மட்டும் அணைந்தால் ரிலே.

ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் இருக்கும். அவற்றின் அருகே எந்த விளக்கும் ஊசியும் போகக் கூடாது.

நாலுசக்கரம்:
மாட்டிவிட்டேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். நான்காவது நாள், நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பின் பிடித்தோம்! முதல் விளக்கு எரிகிறது, எல்.இ.டி. எரிகிறது, நடுவில் இருக்கும் பம்ப் விளக்கு மட்டும் இரண்டு முறை துடித்து அணைந்தது. அடுத்த நொடி இஞ்சினும் போயிற்று. நான்கு மாதத்தில் முதல்முறையாகப் பழுதின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ரிலேவைப் பிரித்தேன். உள்ளே பலகையில் ஒரு கால் சால்டரைச் சுற்றி முடி போன்ற வட்டமான விரிசல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். இன்று ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன், நிற்கவில்லை.

பட்டறைக்கை:
அருமை. அந்தக் காலத்து ரிலேக்களில் இது அடிக்கடி பார்ப்பதுதான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி சால்டர் களைத்துப்போகும்.

களிம்பு:
நல்ல வேலை. ஆனால் விளக்குகளை இன்னும் கழற்றாதீர்கள். முதல் விளக்கை ஃபியூஸ் அருகே எடுத்திருக்கிறீர்கள், இரண்டாவதை பம்ப் வயரில். இந்த இரண்டுக்கும் நடுவில் ரிலே மட்டுமா இருக்கிறது? ரிலேவின் காலைப் பிடித்துக்கொள்ளும் சாக்கெட்டின் இரண்டு டெர்மினல்களும் இருக்கின்றன. ரிலேவைப் பிடுங்கி மறுபடி செருகியபோது அவை இரண்டையும் நீங்கள் தேய்த்துப் புதுப்பித்திருக்கிறீர்கள். இப்போது ஓடுவது சால்டரால் ஓடுகிறதா, செருகியதால் ஓடுகிறதா என்று நமக்குத் தெரியாது. எதையும் கழற்ற வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான். கை பட்டதும் பழுது பத்து நாள் லீவு எடுத்துக்கொள்ளும், நாமும் சரிசெய்துவிட்டோம் என்று நம்பிவிடுவோம். நீங்கள் பம்ப் மாற்றியபோதெல்லாம் சில நாள் நன்றாக ஓடியதா?

நாலுசக்கரம்:
ஓடியது. இரண்டு முறையும் ஒரு வாரத்துக்கு மேல். பம்ப் வேலை செய்யும் முன் பெட்ரோல் அழுத்தத்தை இறக்க ரிலேவைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஓடவிடுவார்கள், அதை நானே பார்த்தேன். இப்போதுதான் உறைக்கிறது.

நாலுசக்கரம்:
ஒன்பதாம் நாள். மறுபடி நின்றது. விளக்குகள் அதே மாதிரி: முதலும் எல்.இ.டி.யும் எரிகின்றன, நடு விளக்கு இல்லை. மனசு விட்டுப்போயிற்று. ரிலேவைத் தொடவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

ரேடியோபெட்டி:
மனசு விட வேண்டாம், இனிமேல் தேட வேண்டிய இடம் ஒரு சாண்கூட இல்லை. ரிலேவைத் திறந்துதான் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? உள்ளே 30 கால் பலகையோடு சேரும் இடத்திலும், 87 சேரும் இடத்திலும் மெல்லிய வயர் ஒவ்வொன்றைப் பற்றவைத்து மூடியின் ஓரமாக வெளியே கொண்டுவாருங்கள். இப்போது ஃபியூஸின் வெளிப்பக்கத்துக்கும் 30 காலுக்கும் நடுவே அளந்தால் ஒரு சாக்கெட் டெர்மினலின் கதை தெரியும். 30க்கும் 87க்கும் நடுவே அளந்தால் ரிலேவின் உள்கதை. 87க்கும் பம்ப் வயருக்கும் நடுவே அடுத்த டெர்மினல். எல்லாம் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரில் மின்-மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக உயர்ந்த அளவு) பதிவு வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், அந்த நொடியில் கண் வேறு எங்காவது இருந்தாலும் அது பிடித்துவைத்துக்கொள்ளும்.

வயர் பற்றவைக்க ரிலேவைக் கழற்றத்தான் வேண்டும், அதனால் பழுது கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும். பரவாயில்லை. முழுதாக நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நிற்பதற்கு முன்பே மீட்டரில் எண் ஏறத் தொடங்கும்.

நாலுசக்கரம்:
செய்தேன். குளிர்ந்த வண்டியில், பம்ப் ஓடும்போது மூன்று இடத்திலும் 0.03, 0.04, 0.03 வோல்ட். மூன்று நாள் ஓட்டினேன். ரிலேவுக்குள்ளும் 87 பக்கமும் அப்படியே இருக்கின்றன. ஃபியூஸுக்கும் 30 காலுக்கும் நடுவில் மட்டும் முதல் நாள் அரைமணிக்குப் பின் 0.2, இரண்டாம் நாள் 0.5, இன்று 1 வோல்ட். வண்டி இன்னும் நிற்கவில்லை, ஆனால் நிற்கத் தயாராகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

களிம்பு:
அதேதான். கணக்கைப் பாருங்கள். 5 ஆம்பியர் போகும் இடத்தில் 1 வோல்ட் விழுகிறது என்றால் தடை 0.2 ஓம். அங்கே சூடாக வீணாவது 5 வாட். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் நகம் அளவுள்ள ஒரு தகட்டில், பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள், காற்றே படாத இடத்தில் 5 வாட் என்பது கை வைக்க முடியாத சூடு. சூட்டில் தகட்டின் ஸ்பிரிங் இளகுகிறது, பிடி தளர்கிறது, மேற்பரப்பு கருக்கிறது, தடை ஏறுகிறது, இன்னும் சூடாகிறது. அரைமணி நேரம் ஏன், இருபது நிமிடம் ஏன் என்பதற்கெல்லாம் பதில் இதுதான். ஆறினால் தகடு சுருங்கி வேறு இடத்தில் தொட்டுக்கொள்கிறது.

இப்போது கழற்றலாம். அதே அகலமுள்ள ஒரு உதிரி ரிலேக் காலை ஒவ்வொரு டெர்மினலிலும் செருகி இழுத்துப் பாருங்கள், பிடி எப்படி இருக்கிறது என்று கையே சொல்லிவிடும்.

நாலுசக்கரம்:
87, 85, 86 மூன்றும் இறுக்கிப் பிடிக்கின்றன. 30ல் செருகிவிட்டுக் கவிழ்த்தால் தானாக விழுகிறது. டெர்மினலைப் பின்பக்கமாக வெளியே தள்ளினேன். செம்பு நிறமே இல்லை, நீலம் பாய்ந்து கருத்திருக்கிறது. சாக்கெட்டின் பிளாஸ்டிக் அந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பாகியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, ரிலே மூடிக்கொண்டிருக்கும்.

குறட்டால் நெருக்கிவிட்டால் போதுமா?

பட்டறைக்கை:
கூடாது. எத்தனை பேர் அதைச் செய்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சூட்டில் இளகிய தகட்டுக்கு ஸ்பிரிங் குணம் திரும்ப வராது. கான்டாக்ட் கிளீனர் அடிப்பதும் அதே மாதிரி, அழுக்கு போகும், பிடி வராது. புது டெர்மினல், ரிலேக் காலின் அகலத்துக்குச் சரியானது, பெரும்பாலும் 6.3 மில்லிமீட்டர். வயரையும் இரண்டு விரல் நீளம் வெட்டிப் பாருங்கள், உள்ளே செம்பு கருத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டிவிட்டு அதே கனத்தில் புது வயர் சேருங்கள். கருத்த செம்பில் டெர்மினலை நசுக்கிப் பிடிக்க வைத்தால் (கிரிம்ப்) பழைய பழுதைப் புதுப் பெட்டியில் போட்டு மூடியதுபோல்தான். கிரிம்ப் செய்ய அதற்கான கருவியைப் பயன்படுத்துங்கள். செய்தபின் வயரைப் பலமாக இழுத்துப் பாருங்கள்.

ரிலேவின் 30 காலையும் பாருங்கள். கருகியிருந்தால் ரிலேவும் புதிதாகட்டும். கருகிய கால் புது டெர்மினலையும் கெடுத்துவிடும்.

நாலுசக்கரம்:
காலில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது, அதனால் ரிலேவும் புதிது. வயர் மூன்று அங்குலம் வெட்டிய பின்தான் சிவந்த செம்பு வந்தது.

ஒரு காரியம் செய்தேன், களிம்பு அண்ணா கேட்பார் என்று தெரியும். மாற்றுவதற்கு முன், பழைய டெர்மினலை மறுபடி சாக்கெட்டில் வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, அந்த ஒரு வயரை மட்டும் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தேன். ஐந்து முறை சாய்த்தேன், ஐந்து முறையும் இஞ்சின் நின்றது. மீட்டரில் மேக்ஸ் 12.8 என்று பதிவாகியிருந்தது. அதாவது அந்த நேரத்தில் முழு வோல்டேஜும் அந்த ஒரு தொடுப்பிலேயே தங்கிவிட்டது. புதியதை மாட்டியபின் அதே வயரை எத்தனை சாய்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

களிம்பு:
இதைத்தான் கேட்டிருப்பேன். வேண்டும்போது பழுதை வரவழைக்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் முடிந்தால்தான் பிடித்துவிட்டோம் என்று நான் ஒப்புக்கொள்வேன். சால்டர் விரிசல் உண்மையானதுதான், அதைச் சரிசெய்ததும் நல்லதுதான். ஆனால் வண்டியை நிறுத்தியது அது இல்லை.

புதுச்சாவி:
என் பேட்டரி விஷயம் ஃபியூஸ் மேல் மில்லிவோல்ட் அளந்து கிடைத்துவிட்டது, டிக்கி விளக்கு. மூடினாலும் அணையவில்லை. நன்றி. நாலுசக்கரம் அண்ணா, இப்போது எப்படி ஓடுகிறது?

நாலுசக்கரம்:
ஏழு வாரம் ஆகிறது. ஒருமுறைகூட நிற்கவில்லை. மீட்டரை இன்னும் எடுக்கவில்லை. நேற்று இரண்டு மணி நேரம் ஓட்டியபின் ஃபியூஸிலிருந்து 30 கால் வரை 0.04. போன ஞாயிறு அதே மேம்பாலத்தில் குழந்தையோடு போனேன். பக்கத்தில் உட்கார்ந்து தம்பி விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தான், மூன்றும் எரிந்துகொண்டே இருந்தன. நாளை விளக்குகளைக் கழற்றிவிடலாமா, அண்ணா?

களிம்பு:
கழற்றிவிடுங்கள், தம்பி. வயரில் கொக்கி போட்ட இடங்களை டேப் மட்டும் சுற்றி விடாதீர்கள், சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். இன்னொரு பழுதுக்கு நாமே விதை போடக் கூடாது.